புதிய எந்திரமும் சொத்துரிமைச் சட்டமும்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சிறு தொழிற்கூடங்களுக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உருவாகும் ஓர் அலுமினிய வார்ப்புப் பாகத்துக்குள் பல சொத்துகள் அடங்கியிருக்கின்றன. அந்தப் பாகம் ஒரு வேலையைப் புதிய முறையில் செய்தால் அந்த முறை காப்புரிமைக்கு உரியது. அதன் தோற்றம் புதியதாகவும் கண்ணை ஈர்ப்பதாகவும் இருந்தால் வடிவமைப்புச் சட்டம் அதைக் கவனிக்கும். அதற்கான டிராயிங்கும், விஎம்சி எந்திரத்தில் ஏற்றும் புரோகிராமும் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன. அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டும் பெயர் வணிகச் சின்னம். எந்தச் சூட்டில் ஊற்றினால், எவ்வளவு நேரம் ஆறவிட்டால் வார்ப்பில் புளோ ஹோல் விழாது என்ற அனுபவ அறிவு வணிக இரகசியம். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, காலக்கெடு வேறு. கடைசியாகச் சொன்ன இரகசியத்துக்கு மட்டும் இந்தியாவில் தனிச் சட்டமே இல்லை.

இந்தத் தொழிற்பேட்டை 1960-களின் நடுவில் அமைந்தபோது நாட்டில் நடப்பிலிருந்தது 1911-ஆம் ஆண்டின் காப்புரிமை, வடிவமைப்புச் சட்டம். 1957-இல் வந்த பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி என்ற பேச்சே கிடையாது. பட்டறைகளில் லேத்தும் மில்லிங் எந்திரமும் இருந்தன. டிராயிங் ஷீட்டை எடுத்துக்கொண்டு போனால்தான் திருட்டு. இன்று அதே தெருக்களில் சிஎன்சி கூடங்களுக்குப் பக்கத்திலேயே மென்பொருள் அலுவலகங்கள் நிற்கின்றன. ஒரு முழு மோல்டின் வடிவம் பென் டிரைவில் வெளியே போய்விடுகிறது.

சட்டம் இந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்தது நாடாளுமன்றத்தின் வழியாக மட்டுமல்ல. பதிப்புரிமைச் சட்டம் 1984, 1994, 2012 ஆகிய ஆண்டுகளிலும், 1970-இன் காப்புரிமைச் சட்டம் 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளிலும் திருத்தப்பட்டன. பழைய வடிவமைப்புச் சட்டத்தின் இடத்தில் 2000-இல் புதியது வந்தது. இடைப்பட்ட காலத்தில் நீதிமன்றங்கள் பழைய சொற்களுக்குப் புதிய பொருள் கண்டன. இவை போக, காப்புரிமை அலுவலகத்தின் விதிகளும் வழிகாட்டுக் குறிப்புகளும் உள்ளன. தொழிற்கூடங்கள் கவனிக்கத் தவறுவது இவற்றைத்தான், ஆனால் அதிகம் மாறுவதும் இவைதான். உதாரணமாக, காப்புரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் கோரும் மனுவுக்கு முன்பு 48 மாதம் அவகாசம் இருந்தது. 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அது 31 மாதமாகச் சுருங்கிவிட்டது. பழைய கணக்கை நம்பியிருப்பவரின் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும்.

சட்டம் பொதுவாக எந்திரத்தின் பெயரைச் சொல்லி எழுதப்படுவதில்லை. நகலெடுத்தல், உற்பத்தி செய்தல், விற்றல், இறக்குமதி செய்தல் என்று செயலைச் சொல்லியே எழுதப்படுகிறது. முப்பரிமாண அச்சு எந்திரம் வந்தபோது இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் தேவைப்படாததற்குக் காரணம் இதுவே. காப்புரிமை உள்ள பாகத்தை லேத்தில் கடைந்தாலும், அடுக்கடுக்காக அச்சிட்டாலும், இரண்டும் உற்பத்திதான்.

இரட்டை பிளக் வழக்கு

பாடியிலும் அம்பத்தூரிலும் வாகனப் பாகம் செய்யும் எவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு பஜாஜ் ஆட்டோவுக்கும் டிவிஎஸ் மோட்டாருக்கும் இடையில் நடந்தது. சிறிய சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளை வைத்து, பெட்ரோல் குறைந்த கலவையை நன்றாக எரிக்கும் எஞ்சினுக்கு பஜாஜ் 2002 ஜூலையில் விண்ணப்பித்தது. 2005 ஜூலையில் 195904 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. பல்சர் வண்டியில் டிடிஎஸ்-ஐ என்று விற்கப்பட்டது அந்த நுட்பமே. 2007-இல் டிவிஎஸ் 125 சிசி ஃப்ளேம் வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக்குகள். ஆனால் மூன்று வால்வுகள்.

டிவிஎஸ் காத்திருக்கவில்லை. ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குத் தொடுக்க இடம் தரும் காப்புரிமைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இரட்டை பிளக் ஏற்பாடு ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமையிலேயே இருக்கிறது என்று சொல்லி, பஜாஜின் உரிமையை ரத்து செய்யவும் மனுச் செய்தது. பஜாஜும் வழக்குத் தொடுத்தது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி ஃப்ளேம் வண்டிக்கு இடைக்காலத் தடை விதித்தார். டிவிஎஸ் ஒற்றை பிளக் எஞ்சினோடு வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. 2009 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் விற்கலாம், ஆனால் விற்பனைக் கணக்கைத் துல்லியமாகப் பராமரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இத்தகைய வழக்குகள் இடைக்காலத் தடையைச் சுற்றியே ஆண்டுக்கணக்கில் இழுபடுவதைக் கண்டித்து, அன்றாடம் விசாரித்து நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனாலும் தீர்ப்பால் அது முடியவில்லை; 2019-இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்து, இந்திய பைக்குகளின் எரிபொருள் அமைப்பே மாறியது. 20 ஆண்டுக் காப்புரிமையின் பெரும்பகுதி வழக்கிலேயே கழிந்தது.

பெரிய நிறுவனங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கும். அவற்றுக்கு சிலிண்டர் ஹெட் செய்து தரும் வெண்டருக்கு மூன்று மாதத் தடையே போதும், வங்கிக் கடன் நின்றுவிடும். காப்புரிமைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு விற்பவரை மட்டும் தடுப்பதில்லை; உற்பத்தி செய்பவரையும் தடுக்கிறது. ஆகவே புதிய பாகத்துக்கு ஆர்டர் ஏற்கும்போது, டிராயிங் தந்த நிறுவனமே உரிமை மீறல் வழக்குகளின் செலவையும் இழப்பையும் ஏற்கும் என்ற விதியைப் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்க வேண்டும். பல ஆர்டர்களின் பின்பக்கத்தில் இதற்கு நேர்மாறான விதி அச்சிடப்பட்டிருக்கும். கையெழுத்திடும் முன் அதைப் படிப்பது அவசியம். காப்புரிமை வழங்கப்பட்டதாலேயே அது செல்லும் என்பதற்குச் சட்டம் உத்தரவாதம் தருவதில்லை என்பதும் இந்த வழக்கில் நினைவில் கொள்ளத்தக்கது.

மென்பொருளுக்குக் காப்புரிமை

எந்திரத்தின் அதிர்வை சென்சாரால் அளந்து, டூல் எப்போது தேயும் என்று முன்கூட்டிச் சொல்லும் மென்பொருளை ஒரு தொழிற்கூடம் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் காப்புரிமை கிடைக்குமா? கணித முறை, வணிக முறை, அல்காரிதம், ‘கணினி நிரல் என்ற அளவில் மட்டும் உள்ளது’ ஆகியவை கண்டுபிடிப்பு அல்ல என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. இது 2002 திருத்தத்தில் வந்தது. 2004 இறுதியில் பிறப்பித்த அவசரச் சட்டம், தொழிலில் பயன்படும் நிரலுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் கதவைத் திறந்தது. 2005-இல் நாடாளுமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. 2016 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுக் குறிப்பு, வன்பொருளும் புதியதாக இருக்க வேண்டும் என்றது. 2017-இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. 2019 டிசம்பரில் ஃபெரிட் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், நிரலால் தொழில்நுட்ப விளைவு ஏற்பட்டால் அது கணினி நிரல் என்பதற்காகவே நிராகரிக்கப்படக் கூடாது என்றது. அந்த விண்ணப்பம் இந்தியாவில் தாக்கலானது 2002-இல். 2025-இல் அலுவலகம் மீண்டும் புதிய வழிகாட்டுக் குறிப்பை வெளியிட்டது.

இவ்வளவு அலைக்கழிப்புக்குப் பின் நிலைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த நிரலால் எந்திரத்தில் என்ன மாறுகிறது? டூல் உடையும் முன் ஸ்பிண்டில் நிற்கிறது, அளவுப் பிழை குறைகிறது என்று விளைவைக் காட்டி எழுதிய விண்ணப்பத்துக்கு வாய்ப்பு உண்டு. தரவை எடுத்துக் கணக்கிட்டுத் திரையில் காட்டுவதோடு நிற்கும் விண்ணப்பம் பெரும்பாலும் 3(கே) பிரிவில் விழுந்துவிடும். சோதனை அளவீடுகளைத் தேதியோடு பதிவு செய்து விண்ணப்பத்தில் சேர்ப்பது வழக்கறிஞரின் வாதத்தைவிடப் பயனுள்ளது.

நிரலின் வரிகளுக்குப் பதிப்புரிமை எழுதியவுடனே தானாகக் கிடைக்கிறது. பதிவு கட்டாயமல்ல, ஆனால் வழக்கில் முதல்நிலைச் சான்றாகும். சிக்கல் உரிமையாளர் யார் என்பதில் வருகிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின் பகுதியாக எழுதியது நிறுவனத்துக்குச் சேரும். வெளியிலிருந்து புரோகிராம் எழுதித் தரும் ஃப்ரீலான்சர் எழுதியது, பணம் முழுவதும் கொடுத்தாயிற்று என்றாலும், எழுத்துமூலம் உரிமையை மாற்றித் தராத வரை அவருக்கே சொந்தம். அப்படி மாற்றித் தரும் ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதி செய்யும் கூடங்களுக்கு இது பெரிய பொறி.

உரிமம் இல்லாத கேட் மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி குற்றம். ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

ஐம்பது என்ற எல்லை

டிராயிங் பதிப்புரிமை பெற்றது, ஆகவே அதிலிருந்து வரும் பாகமும் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பல டூல் ரூம்களில் உண்டு. அது தவறு. பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவின்படி, வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், அதைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் பதிப்புரிமை முடிந்துபோகிறது. ஒரு பிளாஸ்டிக் மோல்டு ஐம்பது பீஸ் தள்ள ஒரு ஷிப்ட்கூடத் தேவையில்லை. வடிவமைப்புப் பதிவு பத்து ஆண்டு, நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டு பாதுகாக்கும். ஆனால் பொருள் வெளியாகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விற்ற பிறகு விண்ணப்பித்தால் புதுமை போய்விட்டது என்று பதிவு ரத்தாகும்.

2012 திருத்தம் இன்னொன்றைச் சேர்த்தது. தொழில்நுட்ப டிராயிங்கிலிருந்து, பயன்பாட்டுக்காக மட்டுமே உள்ள ஒரு பாகத்தை முப்பரிமாணத்தில் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது 52(1)(டபிள்யூ) பிரிவு. கியர், புஷ், பிராக்கெட் செய்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2025 ஏப்ரல் 15 அன்று கிரையோகேஸ் – ஐநாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் குழப்பத்தை ஓரளவு தீர்த்தது. திரவ இயற்கை எரிவாயு ஏற்றும் டிரெய்லரின் பொறியியல் டிராயிங்குகள் பற்றிய வழக்கு அது. அந்த ஆக்கம் கலைப்படைப்பாகவே நிற்கிறதா, அல்லது தொழில்முறை உற்பத்திக்குப் போன வடிவமைப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். பதிப்புரிமை பொருந்தாது என்றால், அதன் முதன்மை நோக்கம் அழகா, பயன்பாடா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். பயன்பாடுதான் நோக்கம் என்றால் வடிவமைப்புச் சட்டமும் காக்காது. காப்புரிமைக்கு முன்பே விண்ணப்பித்திருந்தால் மட்டுமே பிழைக்கலாம்.

இதே சட்டம் ஸ்கேன் செய்து மாற்றுப் பாகம் தயாரிப்பவருக்கு வழியும் விடுகிறது. காப்புரிமையோ வடிவமைப்புப் பதிவோ இல்லாத, அல்லது காலாவதியான, முற்றிலும் பயன்பாட்டு நோக்கமுள்ள பாகத்தை அளந்து செய்யலாம். இந்த மாடல் வண்டிக்குப் பொருந்தும் என்று தெரிவிக்கத் தேவையான அளவில் வண்டிக் கம்பெனியின் பெயரைச் சொல்லவும் வணிகச் சின்னச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்தக் கம்பெனியின் லோகோவைப் பாகத்தின் மேல் பொறிப்பதும், அதே நிறப் பெட்டியில் போடுவதும் வேறு விஷயம். அங்கே சட்டம் இரக்கம் காட்டாது, காட்டவும் கூடாது.

ஆளோடு போகும் அறிவு

ஜாப் ஒர்க் செய்யும் கூடத்தில் மதிப்புள்ள அறிவு பெரும்பாலும் ஃபிக்சரிலும், டூல் பாதையிலும், செட்டரின் கையிலும் இருக்கிறது. செட்டர் அடுத்த தெருக் கம்பெனிக்குப் போனால் அதுவும் போகிறது. வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று எழுதி வாங்கும் விதி, 1872-இன் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. தொழிலாளியின் பிழைப்பைக் காக்கும் பிரிவு அது, சரியான பிரிவு. ஆனால் இரகசியத்தை வெளியிடக் கூடாது என்ற விதியை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. எதை இரகசியம் என்று சொல்கிறோம், அதை யார் யார் பார்க்கலாம், கோப்புகளை யார் திறந்தார் என்பதற்குப் பதிவு இருந்தால்தான் அந்த விதி நிற்கும். 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் வணிக இரகசியங்களுக்குத் தனிச் சட்டத்தைப் பரிந்துரைத்து வரைவையும் தந்தது. காப்புரிமைக்குப் பணமும் காலமும் இல்லாத சிறு கூடங்களுக்கு இந்தச் சட்டமே மற்றவற்றைவிட அவசரமானது.

ஆவடியின் தனி விதிகள்

கனரக வாகனத் தொழிற்சாலை, டிஆர்டிஓவின் போர் வாகன ஆய்வகமான சிவிஆர்டிஇ, 2021 அக்டோபர் முதல் கவச வாகன நிறுவனமான ஏவிஎன்எல் ஆகியவை ஆவடியில் இருப்பதால், சுற்றுவட்டாரக் கூடங்கள் பலவற்றுக்கும் பாதுகாப்புத்துறை வேலை வருகிறது. இங்கே சட்டம் வேறு முகம் காட்டும். பாதுகாப்புக்குத் தொடர்புடைய கண்டுபிடிப்பு என்று தெரிந்தால், காப்புரிமைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் இரகசிய உத்தரவு பிறப்பிக்கலாம், விண்ணப்பம் வெளியிடப்படாது. வெளிநாட்டில் விண்ணப்பிக்க விரும்பும் இந்தியவாசி எவரும் முதலில் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி பெற வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை.

டிஆர்டிஓவிடமிருந்து தொழில்நுட்பம் பெறுபவருக்குக் கிடைப்பது உற்பத்தி உரிமம் மட்டுமே. சொத்து டிஆர்டிஓவிடமே இருக்கும். தயாரிக்கும்போது கூடம் தானாகக் கண்ட மேம்பாடு யாருக்குச் சேரும் என்பதை உரிம ஒப்பந்தம் தீர்மானிக்கும். கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு

கணினியால் உருவான படைப்புக்கு, அதை உருவாகச் செய்த நபரே ஆசிரியர் என்று 1994 திருத்தமே சொல்லிவிட்டது. அன்று எழுதிய அந்த வரி இன்றைய கருவிகளுக்கு எவ்வளவு நீளும் என்பதை நீதிமன்றங்கள்தான் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பாளர் விஷயத்தில், எந்திரத்தைக் கண்டுபிடிப்பாளராகக் காட்ட முடியாது என்று 2023 டிசம்பரில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் செய்திகளைக் கொண்டு மென்பொருளைப் பயிற்றுவித்ததாக ஓப்பன்ஏஐ மீது ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

தொழிற்கூடத்துக்கு உடனடி ஆபத்து இந்தப் பெரிய கேள்விகளில் இல்லை. வாடிக்கையாளர் தந்த டிராயிங்கை இலவச ஏஐ சேவையில் ஏற்றி விளக்கம் கேட்பதில் இருக்கிறது. அது வாடிக்கையாளரோடு செய்த இரகசியக் காப்பு ஒப்பந்தத்தை (என்டிஏ) மீறுவதாகலாம். வெளியிடப்படாத கண்டுபிடிப்பின் புதுமையையும் கேள்விக்குள்ளாக்கலாம். ஏஐ உதவியோடு வடிவமைத்தால், எந்த மாற்றத்தை எந்தப் பொறியாளர் எதற்காகச் செய்தார் என்ற குறிப்பை வைத்திருப்பது அவசியம்.

கிண்டிக்குப் போகும் வழி

தென் மாநிலங்களுக்கான காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பம் இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். உத்யம் பதிவு உள்ள சிறு நிறுவனத்துக்கு அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய், பெரிய நிறுவனங்களுக்கு 8,000. பரிசீலனைக் கோரிக்கைக்கு 4,000; விரைவுப் பரிசீலனைக்கு 8,000. வடிவமைப்புப் பதிவுக்கு 1,000, வணிகச் சின்னத்துக்கு இணையவழியில் 4,500. வழக்கறிஞர் கட்டணம் இவற்றுக்கு வெளியே. மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இன்னோவேடிவ் திட்டத்தில், வழங்கப்பட்ட உள்நாட்டுக் காப்புரிமைக்கு 1 லட்சம், வடிவமைப்புக்கு 15,000, வணிகச் சின்னத்துக்கு 10,000 ரூபாய் வரை திரும்பப் பெற வழி உண்டு. விண்ணப்பிக்கும் நாளில் திட்டம் நடப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழு விவரம் கைவசம் இல்லாவிட்டால் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து, பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரத்தைத் தரலாம். அம்பத்தூர் உற்பத்தியாளர் சங்கமான ஐமா நடத்தும் ஆக்மி கண்காட்சியில் வைப்பதற்கோ, வாடிக்கையாளருக்கு முதல் சாம்பிள் அனுப்புவதற்கோ முன்பு இதைச் செய்துவிட வேண்டும். கண்காட்சிக்குச் சட்டம் தரும் ஓராண்டு விலக்கு, மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டுமே பொருந்தும். விண்ணப்பம் மட்டுமே நிலுவையில் இருக்கும்போது பொருளின் மேல் காப்புரிமை பெற்றது என்று அச்சிடுவதும் தண்டனைக்குரியது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

2021 ஏப்ரல் வரை மேல்முறையீடுகளைக் கேட்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. அது கலைக்கப்பட்டபின், கிண்டி அலுவலகத்தின் முடிவுகளுக்கு எதிரான மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. 2023 ஏப்ரல் முதல் அங்கே இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது.

உரிமை மீறல் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால், முதலில் அதில் சொல்லப்பட்ட காப்புரிமை எண்ணை அலுவலகத்தின் இலவச இணையத் தேடலில் போட்டு, புதுப்பிப்புக் கட்டணம் கட்டப்பட்டுள்ளதா, காலம் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கட்டணம் கட்டாமல் உயிர் விட்ட காப்புரிமையைக் காட்டி மிரட்டுவோரும் இருக்கிறார்கள். எண்ணே குறிப்பிடாத நோட்டீஸுக்கு, எண்ணைக் கேட்டுப் பதில் எழுதுங்கள். பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். இடைக்காலத் தடை கேட்டு எதிர்த்தரப்பு நீதிமன்றம் போகும்போது, அந்த மௌனம் உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும்.